அக்காவின் பச்சைப் பெட்டி: ஹாஸ்டலுக்குப் போன சாமான்களின் கதை

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சின்ன வெங்காய அறுவடை, அது முடிந்ததும் முருங்கைக் கவாத்து, நடுவில் மகளைக் காலேஜில் சேர்க்கிற அலைச்சல். கோயம்புத்தூரில் இடம் கிடைத்திருக்கிறது. எங்க ஊரு வேடசந்தூர் பக்கம். தினம் போய்வர முடியாது. அதனால் ஹாஸ்டல்.

சீட் உறுதியான மறுநாளே போனுக்கு ஒரு பட்டியல் வந்தது. மொத்தம் 32 சாமான்கள். மெத்தை, தலையணை, பெட்ஷீட் ரெண்டு, பக்கெட், மக், ஹேங்கர், கொசுவலை, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், பூட்டு சாவியோடு என்று நீளமாகப் போனது. இண்டக்ஷன் அடுப்பும் அயர்ன் பாக்ஸும் கொண்டுவரக் கூடாதாம். பட்டணத்தில் இருக்கிற உங்களுக்கு இது பெரிய சமாச்சாரமாகத் தெரியாது. ஒரே கடையில் ஒரு மணி நேர வேலை. எங்க வீட்டில் இந்தப் பட்டியல் ஒரு பழைய கணக்கைக் கிளறிவிட்டது. அதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் சரித்திரம் பார்த்துவிடலாம்.

கல்லில் வெட்டிய பட்டியல்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் திருமுக்கூடல் என்று ஒரு ஊர். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். அங்கே இருக்கிற வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. சுமாராக 1068-ஆம் வருஷத்தைச் சேர்ந்தது. பெரிய கல்வெட்டு. கோயிலோடு சேர்த்து ஒரு பாடசாலை, படிக்கிறவர்கள் தங்க விடுதி, 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலை, அதாவது ஆஸ்பத்திரி, இத்தனைக்கும் செலவுக் கணக்கு அதில் இருக்கிறது.

விடுதியில் தங்குகிற மாணவனுக்கு என்னென்ன கொடுக்கணும் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். சாப்பாடு. படுக்கப் பாய். சனிக்கிழமைக் குளியலுக்கு எண்ணெய். ராத்திரி எரிய விளக்கு. அவ்வளவுதான். யோசித்துப் பார்த்தால் இன்றைய 32 சாமானும் இந்த நாலுக்குள் அடங்கிவிடும். பாய் மெத்தையாகிவிட்டது. விளக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸாகிவிட்டது. தேங்காய் எண்ணெய் பாட்டில் இன்னும் அப்படியே இருக்கிறது.

ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லணும். அங்கே தங்கிப் படித்தது வேதமும் இலக்கணமும் படிக்கத் தகுதி உண்டு என்று அன்றைக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட ஒரு சிலர்தான். ஊருக்குள் உழுதவன் நெல்லு அந்த விடுதிக்குப் போனது. உழுதவன் பிள்ளை போகவில்லை. அதற்கு இன்னும் 850 வருஷம் ஆக வேண்டியிருந்தது.

தங்க இடம் கிடைத்தால்தான் படிப்பு

வெள்ளைக்காரன் காலத்தில் காலேஜ் வந்துவிட்டது. ஃபீஸ் கட்டினால் யாரும் சேரலாம் என்று சட்டமும் சொன்னது. ஆனால் சேலத்திலிருந்தோ எங்க திண்டுக்கல்லிலிருந்தோ மெட்ராஸுக்குப் போன பையன் எங்கே தங்குவான், எங்கே சாப்பிடுவான்? சாதி பார்த்துத்தான் வீடும் கிடைக்கும், சோறும் கிடைக்கும். பரீட்சையில் தோற்று ஊருக்குத் திரும்பியவர்கள் உண்டு. தங்க இடமில்லாமல் திரும்பியவர்களும் உண்டு.

இதைப் புரிந்துகொண்டவர் டாக்டர் சி. நடேசனார். 1916-ல் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் என்று ஒரு விடுதியைத் தொடங்கினார். வெளியூரிலிருந்து வந்த பிராமணரல்லாத மாணவர்கள் தங்கிப் படிப்பதற்காக. சில வருஷம்தான் நடந்தது. ஆனால் அங்கே தங்கிப் படித்தவர்களில் ஒருவர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். 1947-ல் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆனவர். அதே 1916-ல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக நந்தனார் பள்ளியைத் தொடங்கினார்.

பெண் பிள்ளைகள் கதை இன்னும் கஷ்டம். சகோதரி சுப்பலட்சுமி பால்யத்திலேயே விதவையானவர். படித்துப் பட்டம் வாங்கி, தன்னைப் போன்ற இளம் விதவைகளைத் தங்கவைத்துப் படிக்க வைத்தார். மெரினா கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று சொல்கிறோமே, அந்த ஐஸ் ஹவுஸ் ஒரு காலத்தில் அவர் நடத்திய விடுதி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-களின் தொடக்கத்தில் அவ்வை இல்லம் தொடங்கிய காரணமும் இதேதான். தேவதாசிக் குடும்பத்துப் பெண்கள் அடைக்கலம் கேட்டு வந்தபோது எந்த விடுதியிலும் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. அதனால் அவரே ஒரு வீட்டை உண்டாக்கினார்.

எங்க ஜில்லாக்காரர் ஒருவரையும் சொல்லணும். பிறப்பால் இந்த ஊர் இல்லை என்றாலும் எங்களுக்கு அவர் எங்க ஊர்க்காரர்தான். டாக்டர் சௌந்தரம் அம்மா. டி.வி.எஸ். குடும்பத்துப் பெண். சின்ன வயசிலேயே கல்யாணமாகி, புருஷன் இறந்து, அதற்குப் பிறகு டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரி வரைக்கும் போய் டாக்டருக்குப் படித்தார். 1936-ல் படிப்பை முடித்தபோது முப்பது வயசைத் தாண்டியிருந்தது. பிறகு ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். ரெண்டு பேரும் சேர்ந்து 1947-ல் திண்டுக்கல் - மதுரை ரோட்டில், சின்னாளபட்டி பக்கத்தில் காந்திகிராமத்தை உண்டாக்கினார்கள். 1956-ல் அது கிராமியக் கல்வி நிறுவனமாக வளர்ந்தது. 1976-ல் பல்கலைக்கழக அந்தஸ்து வந்தது.

1957 தேர்தலில் சௌந்தரம் அம்மா எங்க வேடசந்தூர் தொகுதியில் நின்று ஜெயித்தார். 1962-ல் திண்டுக்கல் எம்.பி. எங்க தாத்தா அவருக்கு ஓட்டுப் போட்டதைச் சாகும்வரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "டாக்டரம்மா நம்ம ஊரு மண் ரோட்டுல நடந்து வந்தாங்கடா" என்பார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டும்.

மஞ்சப்பை, தகரப்பெட்டி, மாங்காய் பூட்டு

இனி பெட்டிக்கு வருவோம். எங்க தாத்தா காலத்தில் வெளியூர் போகிறவன் துணியைத் துண்டில் முடிந்து போனான். கொஞ்சம் வசதியென்றால் மஞ்சப்பை. தகரப்பெட்டி வீட்டுக்கு வருவதென்றால் மூணே காரணம்தான். பட்டாளத்துக்கு ஆள் போகணும், கல்யாணம் நடக்கணும், இல்லாவிட்டால் யாராவது ஹாஸ்டலுக்குப் போகணும். டிரங்குப் பெட்டி என்று எழுதுவார்கள். நாங்கள் 'டங்குப் பெட்டி' என்போம். மடித்த தகடு, மூலைக்கு மூலை பட்டை, மேலே ஒரு கைப்பிடி, முன்னால் பூட்டு மாட்டக் கொண்டி. பச்சை இல்லாவிட்டால் நீலம், இந்த ரெண்டு பெயிண்டுதான்.

வாங்கியதும் முதல் வேலை, மூடியில் வெள்ளை பெயிண்டால் பெயர் எழுதுவது. அதற்கென்று போர்டு எழுதுகிற ஆர்ட்டிஸ்ட் இருப்பார். ரெண்டாவது வேலை, பாத்திரக்கடையில் தட்டு டம்ளர் எடுத்து அதில் பெயர் வெட்டுவது. சின்ன உளியை வைத்து டக்டக்கென்று தட்டுவார்கள். புள்ளி புள்ளியாக எழுத்து விழும். மூணாவது வேலை, பூட்டு.

பூட்டைப் பற்றித் திண்டுக்கல்காரனிடம் கேட்டால் சும்மா விடமாட்டான். டவுனிலும், சுற்றி நல்லாம்பட்டி, யாகப்பன்பட்டி, அடியனூத்து என்று பல ஊர்களிலும் வீட்டுத் திண்ணையிலேயே பூட்டுப்பட்டறை இருந்தது. மெஷின் கிடையாது. தகடு வெட்டுவது, அரம் போடுவது, சாவிக்குப் பல் எடுப்பது எல்லாமே கையால்தான். பூட்டுக்குள்ளே லீவர் என்று மெல்லிய தகடுகள் அடுக்கி இருக்கும். சாவியின் ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு லீவரை அதற்கான அளவுக்குத் தூக்க வேண்டும். ஒன்று ஒரு நூல் ஏறினாலும் இறங்கினாலும் தாழ் நகராது. கையால் செய்வதால் ஒரு பூட்டின் அளவு இன்னொன்றுக்கு வராது. ஒரு சாவி இன்னொரு பூட்டைத் திறக்காது என்று நாங்கள் பீற்றிக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

மாங்காய் வடிவத்தில் இருந்தால் மாங்காய் பூட்டு. சாவித் துவாரம் எங்கே இருக்கிறது என்றே தெரியாத தந்திரப் பூட்டும் உண்டு. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம்தான். ஆனால் அலிகாரிலிருந்து மெஷின் பூட்டு பாதி விலைக்கு வந்து இறங்கிய பிறகு பட்டறைகள் ஒவ்வொன்றாகக் குறைந்துவிட்டன. குறியீடு வந்தபோது கையில் அரம் பிடித்தவர்களில் பெரும்பாலோர் கிழவர்கள்.

1986

இப்போது எங்க வீட்டுக் கணக்கு.

எனக்கு ஒரே ஒரு அக்கா. என்னைவிட அஞ்சு வயசு மூத்தவள். 1986-ல் பிளஸ் டூ முடித்தாள். 1200-க்கு 900-த்துக்கு மேல். எங்க ஊர்ப் பெண் பிள்ளைகளில் அந்த மார்க்கை அதற்கு முன்னால் யாரும் எடுத்ததில்லை. மதுரையில் ஒரு மகளிர் காலேஜில் பி.எஸ்ஸி. சீட்டும் கிடைத்தது, ஹாஸ்டல் சீட்டும் கிடைத்தது. தபாலில் ஒரு பட்டியல் வந்தது. ஸ்டென்சிலில் உருட்டியெடுத்த ஒரே தாள். பெட்டி பூட்டுடன், ஜமுக்காளம், தலையணை, தட்டு, டம்ளர், வாளி, டார்ச் லைட், ஊசி நூல்.

அப்பா ஒரு ஆட்டை விற்றார். என்னையும் கூட்டிக்கொண்டு மூணு பேருமாகத் திண்டுக்கல் போனோம். கடைவீதியில் பச்சை டிரங்குப் பெட்டி 110 ரூபாய். அதற்கு ஒரு மாங்காய் பூட்டு. பவானி ஜமுக்காளம் ஒன்று. இலவம்பஞ்சுத் தலையணை அப்பத்தா வீட்டிலேயே தைத்தது. தட்டில் அக்கா பெயரை வெட்டிக்கொண்டிருந்தபோது அவள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஆர்ட்டிஸ்ட் பெட்டி மூடியில் அவள் பெயரும், கீழே 'பி.எஸ்ஸி. முதலாம் ஆண்டு' என்றும் எழுதிக் கொடுத்தார். பெயிண்ட் காயும்வரை அங்கேயே நின்று, கரும்புச் சாறு குடித்துவிட்டு, பெட்டியை பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு வந்தோம்.

காலேஜ் திறக்க பத்து நாள் இருக்கும்போது ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல தோட்டம், வற்றாத கிணறு. தாத்தா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ஹாஸ்டல்ல விட்டா அப்புறம் எவன்டா கட்டுவான்? வீட்டுலருந்து போய்வர்ற தூரமா இருந்தா நான் ஏன் வேண்டாங்கப் போறேன்?" டெல்லி வரைக்கும் போய்ப் படித்த டாக்டரம்மாவுக்கு ஓட்டுப் போட்ட அதே தாத்தா. அப்பா வாயைத் திறக்கவில்லை. அக்காவிடம் யாரும் கேட்கவில்லை.

ஆவணியில் கல்யாணம். சீர்ச்சாமானோடு அந்தப் பச்சைப் பெட்டியும் போனது. போவதற்கு முந்தின நாள் சித்தப்பா பச்சை பெயிண்ட் வாங்கிவந்து 'பி.எஸ்ஸி. முதலாம் ஆண்டு' என்ற வரியை மட்டும் பூசி அழித்தார். பெயரை விட்டுவிட்டார்.

அஞ்சு வருஷம் கழித்து, 1991-ல், நான் பிளஸ் டூ முடித்தேன். அக்கா எடுத்ததைவிட 200 மார்க் குறைவு. என்னை ஹாஸ்டலுக்கு அனுப்புவதா வேண்டாமா என்று வீட்டில் ஒரு பேச்சுகூட வரவில்லை. மதுரையில் சேர்ந்தேன், அரசு விடுதியில் தங்கினேன். பெட்டி இல்லை, ஒரு ரெக்ஸின் பையும் மஞ்சப்பையும்தான். ஆனால் தட்டு இருந்தது. அக்கா பெயர் வெட்டின தட்டு கல்யாணச் சீரில் சேராமல் வீட்டிலேயே தங்கிவிட்டது. அதைத்தான் அம்மா எடுத்துக் கொடுத்தாள். மூணு வருஷம் அதில்தான் சாப்பிட்டேன். "யார்றா இந்தப் பொண்ணு?" என்று பசங்க கிண்டல் பண்ணுவார்கள். அக்கா என்பேன். "எங்க படிக்கிறாங்க?" என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு என்னிடம் பதில் கிடையாது. தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன்.

2025

இந்த வருஷம் மகளோடு திண்டுக்கல் கடைவீதிக்குப் போனேன். மெத்தை, பக்கெட், உருட்டுகிற டிராலி பெட்டி எல்லாம் சேர்த்து 8,000 ரூபாய் சொச்சம். வெங்காயப் பேட்டையில் கிலோ 30 ரூபாய்க்குப் போட்டுவிட்டு வந்தவன் நான். சுமார் 270 கிலோ. மனசுக்குள் கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. பூட்டுக்கு மட்டும் பிடிவாதமாக ஒரு பழைய கடைக்குக் கூட்டிப் போனேன். சின்ன அளவில் கைவேலைப் பூட்டு ஒன்று கிடைத்தது. "நம்பர் லாக் இருக்கேப்பா" என்றாள் மகள். "இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும்" என்றேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அக்கா வந்தாள். மினி டெம்போவில் அந்தப் பச்சைப் பெட்டியோடு. "அத்தை, இதை எங்க ரூம்ல வைக்கவே முடியாது" என்றாள் மகள். "தெரியும்த்தா. சும்மா பாரு" என்று மூடியைத் திறந்தாள். உள்பக்கம், மூடியில், சோத்துப் பசை வைத்து ஒட்டின ஸ்டென்சில் தாள். மஞ்சளாகி, ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. எழுத்து தெரிகிறது. 39 வருஷம் அதற்குள் பட்டுச்சேலையும் நிலப் பத்திரமும் விதைப் பொட்டலமும் வைத்திருந்திருக்கிறாள். தாளைக் கிழிக்கவில்லை.

அந்தப் பட்டியலை விரலால் தொட்டுத் தொட்டு மகளின் சாமான்களைச் சரிபார்க்க ஆரம்பித்தாள். ஜமுக்காளத்துக்கு மெத்தை. டார்ச்சுக்கு போன். வாளி சரி. தட்டு?

"மெஸ்ல குடுப்பாங்க அத்தை. ஆனா ரூமுக்கு ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்" என்று மகள் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். அதே தட்டு. எப்போது எடுத்து வைத்தாளென்று எனக்குத் தெரியாது. அக்கா அதை வாங்கி, புள்ளி எழுத்தை ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுத்தாள். "ஊசி நூல் எங்க?"

ஊசி நூல் இல்லை. 32 சாமான் பட்டியலில் அது கிடையாது. அம்மாவின் தையல் டப்பாவிலிருந்து கறுப்பு நூல், வெள்ளை நூல், ரெண்டு ஊசி எடுத்துக் காகிதத்தில் சுற்றி வைத்தாள். பழைய மாங்காய் பூட்டையும் எடுத்துக் கொடுத்தாள். ஆனால் அதன் வளைவு தடிமன். ஹாஸ்டல் பீரோக் கொண்டிக்குள் நிச்சயம் நுழையாது. அது வீட்டிலேயே இருக்கட்டும் என்று முடிவானது.

சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேன். இத்தனை வருஷத்தில் ஒருதடவைகூடக் கேட்காததை.

"அக்கா, உனக்குக் கோவமே வரலையா?"

"வராம என்ன தம்பி. தாத்தா மேல வந்துச்சு, அப்பா மேல வந்துச்சு. நீ டிகிரிய முடிச்சிட்டு வந்து வெங்காயம் நட்ட பாரு, அன்னைக்குத்தான் ரொம்ப வந்துச்சு. இதுக்கு என்னைய அனுப்பியிருக்கலாமேன்னு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விவசாயத்தை விரும்பித்தான் செய்கிறேன் என்று இந்த வலைப்பூவில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன், அது உண்மைதான். ஆனால் விரும்பியதைச் செய்கிற வாய்ப்பு எனக்கு ரெண்டு தரம் கிடைத்தது. அவளுக்கு ஒருதரம்கூடக் கிடைக்கவில்லை.

கடைசியாக

இன்றைக்கு நிலைமை மாறியிருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகிற பெண்களுக்கு 2022-லிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் 1,000 ரூபாய் வருகிறது. மாவட்டம்தோறும் அரசு மாணவியர் விடுதிகள் இருக்கின்றன. சாதி, வகுப்பு பெயரோடு இருந்த அரசு விடுதிகளுக்கெல்லாம் 2025 ஜூலையில் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். பெயர் மாறியது நல்லதுதான். கூரையும் கக்கூஸும் குடிதண்ணீரும் சரியாக இருக்க வேண்டும், அதுதான் பெற்றவன் பார்ப்பது.

ஆனாலும் எங்க பக்கத்தில் "ஹாஸ்டல்னா வேண்டாம்" என்று நிற்கிற வீடு இன்னமும் இருக்கிறது. உங்களில் பலருக்குச் சொந்த ஊர் ஒன்று இருக்கும். அங்கே நல்ல மார்க் எடுத்துவிட்டு, தூரத்தைக் காரணம் காட்டி வீட்டில் உட்கார வைக்கப்பட்ட ஒரு பெண் இருப்பாள். லீவுக்குப் போகும்போது அந்த வீட்டில் ஒரு பேச்சுப் பேசிப் பாருங்கள். வெளியூர்க்காரர் சொன்னால் கேட்பார்கள். எங்க அப்பாவிடம் அன்றைக்கு யாராவது ஒருத்தர் பேசியிருந்தால் போதும் என்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது.

மகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாயிற்று. பச்சைப் பெட்டியை அக்கா திரும்ப எடுத்துப் போகவில்லை. எங்க வீட்டுத் திண்ணையில்தான் இருக்கிறது. காலை வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால், சித்தப்பா பூசின பெயிண்டுக்கு அடியில் 'பி.எஸ்ஸி. முதலாம் ஆண்டு' புடைத்துத் தெரிகிறது.

முருங்கைக்குத் தண்ணி கட்ட வேண்டும். மோட்டாருக்கு இப்போதுதான் கரண்ட் வந்தது. அடுத்த பதிவில் கவாத்துக் கணக்கைப் பேசுவோம்.